நோய்முதல் தேடுவோர் நாட்கூலிகளா?

ஜேர்மனி நாட்டின் கல்வி, ஆராய்ச்சி அமைச்சு ஒருமுறை "அடைப்பு" என்னும் சொல்லைக் கையாண்டது. இருதயத்துக்குக் குருதி கொண்டு செல்லும் நாடிகளில் உண்டாகும் அடைப்பைப் பற்றி அன்று. அந்த அடைப்பு ஏன் உண்டாகின்றது என்று இரவு பகலாக ஆராய்வோர் உள்ளிட்ட இளம் விஞ்ஞானிகளைப் பற்றியே அச்சொல்லைக் கையாண்டது!

2018 ஆம் ஆண்டில் அவ்வமைச்சு தயாரித்த சிறு விளக்கப் படமொன்றில் ஹன்னா என்னும் கற்பனைப் பெண் வருகின்றாள். அவள் உயிரியல் கற்றவள். கலாநிதிப் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்பவள். அவளைப் போன்றோர்க்கு ஏன் நிரந்தரப் பதவி இல்லை என்பதற்கு அப்படம் ஒரு நியாயம் கூறிற்று. ஒரு தலைமுறையினர் எல்லாப் பதவிகளையும் அடைத்துக்கொண்டிருந்தால் அடுத்த தலைமுறையினர்க்கு இடமிராதாம். ஆகையால் ஆராய்ச்சியாளர் வருவதும் போவதுமாய் இருத்தலே அறிவு வளர்ச்சிக்கு நன்றாம்!

2021 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அந்நாட்டின் இளம் ஆராய்ச்சியாளர் ஆயிரக்கணக்கில் எழுந்து, "நானே ஹன்னா" என்று தத்தம் பெயரையும் வரலாற்றையும் ஊரறியக் கூறினர். பாராளுமன்றத்திலும் அது விவாதிக்கப்பட்டது. அமைச்சு வெட்கித் தன் படத்தை அகற்றியது. படம் போயிற்று, படம் எந்தச் சட்டத்துக்கு வக்காலத்து வாங்கியதோ அந்தச் சட்டம் போகவில்லை. அச்சட்டத்தையே இன்று நாம் குற்றக் கூண்டில் நிறுத்துகின்றோம்.

நமக்கென்ன என்று கேட்போர்க்கு

"ஜேர்மனியிற் சட்டம் எப்படி இருந்தால் நமக்கென்ன?" என்று சிலர் வினவலாம். விடை அவரவர் நெஞ்சிலேயே துடித்துக்கொண்டிருக்கின்றது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2022 ஆம் ஆண்டில் இருதய நோயாலும் குருதிக்குழாய் நோயாலும் இறந்தோர் 1 கோடி 98 இலட்சம் பேர். உலகில் நேர்ந்த மரணங்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இது. இதற்கு இனமில்லை, மொழியில்லை, எல்லையில்லை.

அன்றியும் நமது பகுதிக்கு இந்நோயுடன் ஒரு தனி வழக்கும் உண்டு. இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், நேபாளம், இலங்கை ஆகிய நாடுகளின் மக்களை ஏனைய நாட்டாருடன் ஒப்பிட்டு 2007 இல் வெளிவந்த பேராய்வொன்று, முதல் மாரடைப்பு நம்மவர்க்குச் சராசரியாக 53 வயதிலும் ஏனையோர்க்கு ஏறத்தாழ 59 வயதிலும் வருகின்றதெனக் காட்டியது. ஆறு ஆண்டு முந்தி வருகின்றான் நமது யமன். நோய்க்கு ஏதுவான காரணிகள் நம்மவரிடம் இளவயதிலேயே மிகுந்திருத்தல் பெரும்பாலும் இதை விளக்குகின்றது என்றும் அவ்வாய்வு கூறிற்று. ஆயின் அக்காரணிகள் நம்மிடம் இத்துணை விரைந்து மிகுவது ஏன்? இவ்வினாவுக்கு முழு விடை காண்பவன் மியூனிச்சிற் பிறந்தாலென்ன, மட்டக்களப்பிற் பிறந்தாலென்ன? அவன் நமக்கு உறவினன். அவனை வீதியில் விடும் சட்டம் நம்மையும் தீண்டும் சட்டமே. அதுமட்டுமன்று, போரினால் புலம்பெயர்ந்து ஜேர்மனியிற் குடியேறிய நம்மவரின் பிள்ளைகள் இன்று அந்நாட்டுப் பல்கலைக் கழகங்களிற் பயில்கின்றனர். ஆராய்ச்சிப் பணியை நாடும் பிள்ளை எந்த வாசலால் நுழைகின்றது என்பதை அறிய வேண்டாமா?

சட்டம் சொல்வது என்ன?

ஜேர்மனியிற் சாதாரணத் தொழிலாளி ஒருவனை வேலைக்கு அமர்த்தும் முதலாளி, தக்க காரணம் காட்டாமல் அவனைத் தற்காலிகனாக வைத்திருக்கக்கூடிய காலம் இரண்டே ஆண்டு. 2001 இல் நடைமுறைக்கு வந்த பொதுச்சட்டம் இவ்வாறு விதிக்கின்றது. நல்ல சட்டம், தொழிற்சங்கங்களின் நெடும் போராட்டத்தின் பயன்.

ஆனால் 2007 இல் விஞ்ஞானிகளுக்கென்று தனிச்சட்டம் ஒன்று பிறந்தது. கலாநிதிப் பட்டத்துக்கு முன் 6 ஆண்டு, அதன் பின் 6 ஆண்டு, ஆக 12 ஆண்டு ஒருவரைத் தற்காலிக ஒப்பந்தங்களில் வைத்திருக்கலாம் என்றது அச்சட்டம். மருத்துவத் துறையிலோ பட்டத்தின் பின் 9 ஆண்டு. ஆக 15 ஆண்டு! வெளியார் நிதியில் நடைபெறும் ஆராய்ச்சியாயின் அந்த எல்லையும் கடந்து தற்காலிக ஒப்பந்தம் எழுதலாம். தெருக் கூட்டுபவனுக்கு இரண்டாண்டிற் கிடைக்கும் பாதுகாப்பு, இருதயத்தின் நோய்முதல் தேடுபவளுக்குப் பதினைந்து ஆண்டிலும் இல்லை. தெருக் கூட்டுபவனுக்குக் கொடுத்தது தவறென்று நாம் கூறவில்லை. அவனுக்குக் கொடுத்ததை இவளுக்கு மறுத்தது ஏன் என்றே கேட்கின்றோம்.

இதினும் கொடியது ஒன்றுண்டு. தொழிற்சங்கமும் பல்கலைக் கழகமும் மனமொத்து இதனிலும் நல்ல நிபந்தனைகளை உடன்படிக்கையாக எழுத விரும்பினாலும், மிகக் குறுகிய விதிவிலக்கு நீங்கலாக, அச்சட்டம் அதற்கு இடந்தரவில்லை. கூட்டுப் பேரம் என்பது தொழிலாளியின் கையிலுள்ள ஒரே வாள். வாளைப் பறித்துவிட்டு, "போட்டியில் வென்று வா" என்று களத்துக்கு அனுப்புகின்றனர்!

பயன் யாது? 2021 இல் வெளிவந்த அந்நாட்டுக் கூட்டாட்சி அறிக்கையே வாக்குமூலம் தருகின்றது. பல்கலைக் கழகங்களில் 45 வயதுக்கு உட்பட்ட, பேராசிரியர் அல்லாத ஆராய்ச்சியாளருள் 100 க்கு 92 பேர் தற்காலிக ஊழியர். அவர்களது ஒப்பந்தங்களின் சராசரிக் காலம் இரண்டு ஆண்டைக்கூட எட்டவில்லை. 2016 இல் சட்டத்தைத் திருத்தியபோது, ஒப்பந்தக் காலம் பெறவேண்டிய தகுதிக்குப் "பொருத்தமானதாக" இருத்தல் வேண்டும் என்று எழுதினர். பொருத்தம் எவ்வளவு? தகுதி யாது? சட்டம் வாய் திறக்கவில்லை. கலாநிதிப் பட்டம் பெற்று, தலை நரைக்கத் தொடங்கி, நாற்பதை எட்டியவனும் அங்கே "தகுதி பெற்றுக்கொண்டிருப்பவன்"தான்! சட்டம் வரைவோர் ஒரு சொல்லுக்குப் பொருள் கூறாது விட்டால், அச்சொல்லின் பொருளை வலியவனே தீர்மானிப்பான் என்பது சட்டம் பயின்றார் அனைவரும் அறிந்த உண்மை.

முப்பதாண்டுப் பயிருக்கு ஒன்றரையாண்டுக் குத்தகையா?

இச்சட்டம் எல்லா ஆராய்ச்சிக்கும் தீங்கெனினும் இருதய நோயின் காரணத்தை ஆராய்வோர்க்கு இரட்டைத் தீங்கு. ஏன்? இந்நோய் மெல்ல வளர்வது. கொரியப் போரில் மாண்ட 300 அமெரிக்கப் போர்வீரரின் இருதயங்களை அறுத்துச் சோதித்த மருத்துவர், 1953 இல் தம் முடிவை வெளியிட்டனர். அவ்வீரரின் சராசரி வயது 22. அவர்களில் 100 க்கு 77 பேரின் இருதய நாடிகளில் நோயின் அடையாளம் முன்னரே தோன்றியிருந்தது! இருபதில் விதை விழுகின்றது, ஐம்பதில் அறுவடையாகின்றது. இடையில் நிகழ்வது யாது என்று அறியவேண்டுமாயின், நலமாயுள்ள மனிதரைத் தெரிந்தெடுத்து, பத்து, இருபது, முப்பது ஆண்டு அவர்களைத் தொடர்ந்து சென்று நோக்கவேண்டும். குறுக்கு வழி இல்லை.

அமெரிக்காவின் பிரேமிங்காம் நகரில் 1948 இல் 5,209 பேருடன் அவ்வாறானதோர் ஆய்வு தொடங்கியது. உயர்ந்த குருதியமுக்கமும் மிகுந்த கொலஸ்திரோலும் மாரடைப்புக்கு முன்னறிகுறிகள் என்று உறுதிப்பட 13 ஆண்டு சென்றது; "ஆபத்துக் காரணி" என்னும் தொடர் 1961 இல் அவ்வாய்விலிருந்தே மருத்துவ உலகிற் பரவியது. இருபது ஆண்டானதும், "போதும், முடித்துவிடுவோம்" என்று பணம் கொடுத்த அரசாங்க நிலையம் எண்ணியது. ஆய்வை நடத்தியவர்கள் தனியாரிடம் நிதி திரட்டி அதனைக் காத்தனர். காத்திராவிடின், 1971 இல் அம்மக்களின் பிள்ளைகளைச் சேர்த்துத் தொடங்கிய இரண்டாந் தலைமுறை ஆய்வு பிறந்தே இராது.

ஜேர்மனியும் இவ்வுண்மையை அறியாத நாடன்று. 2014 முதல் அந்நாட்டின் 18 நிலையங்களில் 20 வயதுக்கும் 69 வயதுக்கும் இடைப்பட்ட 2 இலட்சத்து 5 ஆயிரம் பேரைச் சேர்த்து, 20 முதல் 30 ஆண்டு வரை அவர்களது உடல்நிலையைத் தொடர்ந்து நோக்கும் பெரும் ஆய்வொன்றை அந்நாடே தொடங்கியிருக்கின்றது. போற்றத்தக்க முயற்சி! ஆனால் அம்முயற்சியைத் தாங்கும் அறிவுலகத்தைப் பாருங்கள். ஆய்வுக்கு முப்பது ஆண்டு. ஆய்வாளனுக்கு இரண்டாண்டும் இல்லை. குருதி கொடுத்தவர் இருப்பார். குருதியைச் சோதித்தவன் இரான். கணக்குப் புத்தகம் இருக்கும். கணக்கின் நெளிவு சுளிவை அறிந்தவன் இரான்.

இங்கே நமது நாட்டின் சட்டமொன்று நினைவுக்கு வருகின்றது. 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம், குத்தகைக்கு உழுபவனை நிலவுடைமையாளன் நினைத்த மாத்திரத்தில் வெளியேற்றலாகாது என்று விதித்தது. அதன் நிறைவேற்றத்திற் குறைகள் பல; அதையும் மீறி வெளியேற்றப்பட்டோர் பலர். ஆயின் அதன் தத்துவத்தில் குறையில்லை. நாளை இந்த வயல் தனக்கிருக்குமா என்று அறியாதவன் வரம்பைக் கட்டான், வாய்க்காலைத் திருத்தான், நிலத்துக்கு எருவிடான். ஆராய்ச்சியாளனும் அத்தகைய உழவனே. முப்பதாண்டில் விளையும் பயிருக்கு ஒன்றரை ஆண்டுக் குத்தகை கொடுத்தால், அவன் மூன்று மாதத்தில் விளையும் கீரையையே விதைப்பான். விரைவில் அச்சேறக்கூடிய சிறு கட்டுரைகள் மலிவதும், நெடுங்கால வினாக்களை எவரும் தொட அஞ்சுவதும் இதனாலேயே.

இளைஞர் செய்தது என்ன?

இளைஞர்க்கு ஏன் இவ்வளவு பரிந்து பேசுகின்றீர் என்பார்க்கு வரலாறு விடை கூறும். 1913 இல் ருஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் முயல்களுக்குக் கொலஸ்திரோலை உணவாக ஊட்டி, அவற்றின் நாடிச் சுவர்களில் கொழுப்புப் படிவதைக் காட்டிய நிக்கொலாய் அனிச்கோவுக்கு அப்போது வயது 27. 1974 இல் டலஸ் நகரில், குருதியிலுள்ள கொலஸ்திரோலைப் பற்றி எடுத்து அகற்றும் வாங்கி கலங்களின் புறத்தே உண்டென்றும், அது குறைபடுவதாற் பிள்ளைகளுக்கே மாரடைப்பு வருகின்றதென்றும் நிறுவிய மைக்கேல் பிரவுணும் ஜோசப் கோல்ட்ஸ்ரைனும் முப்பத்துநான்கு வயதைத் தாண்டாதவர். அவர்கள் தமது இடத்தை விட்டு விரட்டப்படவில்லை. ஒரே ஆய்வுகூடத்தில் இணைந்திருந்து அவ்வேலையைத் தொடர்ந்தனர். 1985 இல் நோபெல் பரிசு அவர்களைத் தேடி வந்தது. 2003 இல் பாரிசிலிருந்து வெளிவந்த ஆய்வொன்று, பிறவியிலேயே கொலஸ்திரோல் மிகும் குடும்பங்களிற் புதியதொரு மரபணுக் காரணத்தைக் கண்டது. அதன் முதலாசிரியர் லெபனானிலிருந்து வந்த இளம் ஆராய்ச்சியாளர் மரியான் அபிபாடெல். பன்னிரண்டு ஆண்டில், 2015 இல், அக்கண்டுபிடிப்பின்மீது எழுந்த மருந்துகள் நோயாளரை அடைந்தன.

ஜேர்மனிக்கே உரிய மறுபக்கக் கதையும் உண்டு. 1929 இல் ஏபர்ஸ்வால்ட் நகர வைத்தியசாலையில், மேலதிகாரி தடுத்தும் கேளாது, மெல்லிய குழாயொன்றைத் தன் கையின் நாளத்தினூடாகத் தன் இருதயம்வரை செலுத்தி, எக்ஸ்-கதிர்ப் படத்தால் அதை நிறுவிக் காட்டினார் 25 வயதை எட்டிக்கொண்டிருந்த வேர்ணர் போர்ஸ்மன். பின்னர் நாசிக் கட்சியிற் சேர்ந்தவர் என்னும் கறை அவருக்கு உண்டு. அம்மனிதரைப் போற்றுதல் நம் நோக்கமன்று. அக்கண்டுபிடிப்புக்கு நேர்ந்ததையே கூறுகின்றோம். அன்றைய பெருந்தலைகள் அவருக்கு இடங்கொடுக்கவில்லை. அவர் அத்துறையைக் கைவிட்டுச் சிறுநீர் நோய் மருத்துவரானார். அவர் விட்ட வேலையை நியூயோர்க்கில் இருவர் எடுத்து வளர்த்தனர். 1956 இல் அவ்விருவருடன் அவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. பரிசு வந்தது, ஆராய்ச்சி வாழ்வு மீண்டும் வரவில்லை.

எதிர்வாதங்களும் விடைகளும்

சட்டத்தின் பக்கம் பேசுவோர் மூன்று நியாயங்களைக் கூறுவர். அவற்றை ஒவ்வொன்றாய் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, முன்னையோர் போனாலன்றோ பின்னையோர் வரலாம் என்பது. கேட்க இனிமையான நியாயம்! ஆனால் இன்று உள்ளே வரும் இளைஞனும் சில ஆண்டில் வெளியே தள்ளப்படுபவனே அல்லனா? வாசலைத் திறந்து வைத்து, உள்ளே அறைகளை எல்லாம் பூட்டிவிட்டு, "எல்லோரும் வரலாம்" என்பது உபசாரமா, ஏமாற்றா?

இரண்டாவது, பதவி நிலைத்தால் சோம்பல் பிறக்கும் என்பது. அப்படியாயின் பேராசிரியர்க்கு நிரந்தரப் பதவி ஏன்? நீதிபதிக்கு ஏன்? நீதிபதியை இலகுவில் அகற்ற முடியாதவாறு சட்டம் காப்பது, அவர் சுகமாய் உறங்குதற்கன்று. வலியவருக்கு எதிராகவும் அஞ்சாது தீர்ப்புக் கூறுதற்கே. நோயின் காரணத்தை ஆராய்பவனும் தீர்ப்புக் கூறுபவனே. "நல்ல கொலஸ்திரோல்" எனப்படுவதை உயர்த்தினால் மாரடைப்புக் குறையும் என்று உலகமே நம்பிய காலம் ஒன்றிருந்தது. அதனை உயர்த்தும் மருந்தொன்றை 15,000 பேருக்கு மேற்பட்டோரிற் சோதித்தபோது, மருந்து உண்டவரிடையே மரணம் மிகுந்தமையால் 2006 டிசம்பரிற் சோதனையை நிறுத்தினர். 2012 இல் வெளிவந்த மரபணு ஆய்வும், பிறவியிலேயே அதனை மிகுதியாய் உடையோர்க்கு மாரடைப்புக் குறையவில்லை என்று காட்டியது. ஒரு பெரிய நம்பிக்கை சரிந்தது, அச்சரிவே அறிவு. இப்போது சொல்லுங்கள்: ஒப்பந்தம் முடிய ஆறு மாதமே உள்ள இளைஞன், தன் தலைவர் வாழ்நாளெல்லாம் போற்றிய கொள்கை பிழை என்று தன் சோதனையிற் கண்டால், அதனை வாய்விட்டுக் கூறுவானா? கூறினால் அடுத்த ஒப்பந்தத்திற் கையொப்பமிடுபவர் யார்? அதே தலைவரன்றோ! அச்சத்தில் விளையும் ஆராய்ச்சி, அடிமையின் சாட்சியம் போன்றது. எந்த நீதிமன்றமும் அதனை நம்பாது.

மூன்றாவது, பணமில்லை என்பது. பணம் இன்றும் செலவாகிக்கொண்டுதான் இருக்கின்றது. ஒருவனைப் பத்தாண்டு பயிற்றி, அவன் கை தேர்ந்ததும் வெளியேற்றி, வேறொருவனை முதலிலிருந்து பயிற்றுவது சிக்கனமா? ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பவன் கிணறு வற்றியதென்று அழுகின்றான்!

பெண்களின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. பிள்ளை பெற்றவர்க்கு ஒரு பிள்ளைக்கு இரண்டாண்டு வீதம் எல்லையை நீட்டலாம் என்கின்றது சட்டம். ஆனால் நீடிப்பது எல்லையே, வேலையன்று. நிலையம் புதிய ஒப்பந்தம் எழுதியே ஆகவேண்டும் என்ற கடப்பாடு இல்லை. உரிமைபோல் தோன்றி உரிமையல்லாததைச் சலுகை என்பர். இது சலுகையுமன்று, சலுகையின் நிழல்.

வாக்குறுதிகளின் வரலாறு

2021 இல் ஆட்சியேற்ற கூட்டணி இச்சட்டத்தைத் திருத்துவோம் என்றது. 2023 மார்ச்சில், கலாநிதிப் பட்டத்தின் பின்னுள்ள காலத்தை மூன்றாண்டாகக் குறைப்போம் என்று அமைச்சு ஒரு திட்டத்தை வெளியிட்டது. அதன்பின் வேலை என்ன என்பதற்கு மறுமொழி இல்லை! நோயாளியின் கட்டிற் காலைக் குறைத்தால் நோய் குறையுமா? எதிர்ப்பு எழவே சில நாளில் அத்திட்டத்தை மீளப்பெற்றனர். 2024 மார்ச்சில் மந்திரிசபை ஒரு சட்டமூலத்தை ஏற்றது. நவம்பரில் கூட்டணி கவிழ்ந்தது. சட்டமூலமும் உடன்கட்டை ஏறியது. 2025 இல் வந்த புதிய கூட்டணி, 2026 ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் திருத்துவதாக எழுத்தில் உறுதி கூறியது. எழுதிக் கொடுத்த உறுதிகள் எத்தனை கிழிந்தன என்பதைக் கண்ணாற் கண்ட மக்கள் நாம். ஆதலின் உறுதியின் சொல்லை அன்று, திருத்தத்தின் வாசகத்தையே எடைபோட வேண்டும் என்று அந்நாட்டு இளைஞர்க்கு நாம் கூறுவோம்.

எதை எடைபோடுவது? நான்கைப் போடுக. கலாநிதிப் பட்டம் வரையுள்ள காலம் பயிற்சிக் காலம் என்பதை ஒப்புக்கொள்வோம்; ஆயின் அந்த ஆய்வு முடியும்வரை ஒரே ஒப்பந்தம் வேண்டும். பட்டத்தின் பின், நிரந்தரப் பதவியோ, இன்ன நிபந்தனையை நிறைவேற்றினால் நிரந்தரம் என்ற திட்டமான வாக்கோ வேண்டும். முப்பதாண்டு ஆய்வுகளுக்கு முப்பதாண்டு ஊழியர், அவ்வாய்வின் வரவு செலவுத் திட்டத்திலேயே வேண்டும். கூட்டுப் பேரத்தின்மேலிட்ட விலங்கு உடையவேண்டும். இந்நான்கும் இல்லாத திருத்தம், பழைய சட்டத்துக்குப் புதிய அட்டை.

இங்கே நமது பல்கலைக் கழகங்களிலும் தற்காலிக விரிவுரையாளர் என்றொரு வகுப்பு உண்டு என்பதை நாம் மறக்கவில்லை. ஜேர்மனியரை நோக்கி நீட்டிய விரல் நம்மையும் சுட்டுமாயின் சுட்டுக. நியாயம் ஒரு நாட்டுக்கு ஒன்று, மறுநாட்டுக்கு ஒன்று அன்று.

நாடியில் அடைப்பு உண்டாவது, ஓடவேண்டியது ஓடாது தேங்குவதால் மட்டுமன்று. ஆண்டாண்டாகச் சிறிது சிறிதாகப் படிந்த தீங்கை எவரும் கவனியாது விட்டதாலேயே அது உயிர்க்கொல்லி ஆகின்றது. ஜேர்மனியின் அறிவுலகத்திலும் 2007 முதல் ஒரு தீங்கு படிந்து வருகின்றது. அந்த அடைப்பின் பெயர் ஹன்னா அன்று; அவளை வெளியே தள்ளும் சட்டமே அந்த அடைப்பு. அறுத்து அகற்றவேண்டியது எது என்பதை அறிய மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை.